என் கைக்கு இருபது, அவள் கைக்கு ஐம்பது

என் வலது கைக்கு இருபது சதவீதம் போட்டார்கள். முத்துமாரியின் வலது கைக்கு ஐம்பது. இரண்டும் ஒரே ரூமில், ஒரே தீயில், ஒரே நேரத்தில் வெந்த கைகள். அந்த வித்தியாசத்தை நினைத்து நினைத்து ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு வயிறு எரிந்தது. தீப்புண் ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

முத்துமாரி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி கணேசனுக்கு வாக்கப்பட்டவள். அச்சங்குளத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன்.

இதை எழுதச் சொன்னது எங்கள் யூனியன் அண்ணாச்சி. "பாண்டியம்மா, நீங்க பத்தாப்பு வரைக்கும் படிச்சிருக்கீக. ஆஸ்பத்திரியில இருந்து அப்பீல் வரைக்கும் நடந்ததை எழுதி வைங்க. இனிமே போறவுகளுக்கு உபயோகப்படும்" என்றார். என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவர். அங்கே பிப்ரவரி மாசத்தை இரண்டு தடவை அச்சடித்துக் கழித்துப்போட்ட டைரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். அண்ணாச்சி கேட்டதையும் எழுதுவேன், கேட்காததையும் எழுதுவேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மாசம். தீபாவளி ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். நானும் மாரியும் ஒரே வேனில் ஏறி, ஒரே கம்பெனியில், ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து சரம் பின்னினோம். சின்னச் சின்ன வெடிகளின் திரியை நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்குவது எங்கள் வேலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதற்கு மூலதனம். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மாரி மல்லாங்கிணற்றுப் பக்கம் மானாவாரிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு நான்தான் வேலை பழக்கிக் கொடுத்தேன். முதல் நாளே சொன்னேன்: "கையில இருக்கிற சாமான் கீழ விழக்கூடாது. கை போனாலும் விழக்கூடாது." வெடிமருந்து சிந்திக் கிடக்கும் தரையில் எது விழுந்தாலும் ஆபத்து. எனக்கு அதை என் முதல் கங்காணி முதுகில் ஒன்று வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். கங்காணி என்றால் பத்துப் பதினைந்து பெண்களை மேய்க்கிறவள். நான் மாரியை அடிக்கவில்லை. மூன்றே வருஷத்தில் அவள் என் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அப்போதே இரண்டு வைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

அந்தத் தீபாவளியோடு எங்கள் கங்காணி நின்றுகொள்வதாக இருந்தாள். அடுத்த கங்காணி எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி என்று போர்மேன் சொல்லியிருந்தார். அவர் யார் பக்கம் பார்த்து அதைச் சொன்னார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரூமில் இருந்த மற்ற இரண்டு பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். குப்பென்று வெளிச்சம், அப்புறம்தான் சத்தம். இருவரும் கையைத் தூக்கி முகத்தை மறைத்தோம். அதனால் முகம் தப்பித்தது, கை போனது. கதவு நாலு பக்கமும் திறந்திருந்ததால் உயிரோடு வெளியே விழுந்தோம்.

அன்றைக்கே எங்களை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தீக்காய வார்டில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சுற்றிலும் கொசுவலை. புண்ணில் துணி ஒட்டக்கூடாது என்று கம்பிக் கூண்டு ஒன்றை உடம்பு மேல் கவிழ்த்து, அதற்கு மேல்தான் போர்வை. அங்கே சதவீதம் என்றால் வேறு கணக்கு. நம்முடைய உள்ளங்கை அளவு தோல் வெந்தால் ஒரு சதவீதம். எனக்கு இருபத்திரண்டு, மாரிக்குப் பதினாறு. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் என் கட்டில் பக்கம் கூடுதல் நேரம் நிற்பார். பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோதும் எனக்கு அது கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

காலை ஒன்பது மணிக்கு டிரெஸ்ஸிங், அதாவது கட்டு மாற்றுவது. முந்தின நாள் துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நனைத்து எடுப்பார்கள். செத்த தோலைக் கத்தரித்துப் போடுவார்கள். அந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் வராந்தாவில் கிறீச்சிட்டாலே வார்டில் பேச்சு நின்றுவிடும். நான் ஒரு நாளும் கத்தியதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். மாரி வார்டே கேட்கக் கத்துவாள். கத்தியவளுக்கு நர்ஸம்மா தலையைத் தடவிக் கொடுத்தாள். பல்லைக் கடித்தவளை யார் தடவுவார்கள்?

சாப்பாட்டு நேரம் அதைவிட மோசம். கணேசன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றைக் குழையப் பிசைந்து, உருட்டி, "இன்னும் ஒரே ஒரு வாய் தாயி" என்று ஊட்டுவான். வார்டில் இருக்கிற பொம்பளைகள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் சுப்பையாவுக்கு ஊட்ட வராது. வெட்கம். கஞ்சியை டம்ளரில் ஊற்றி, உறிஞ்சுகுழாயைப் போட்டு, என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் வாழைப்பழம் உரித்தால் ஒரு நார் விடாமல் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். அதை அப்போது நான் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் கண் பக்கத்துக் கட்டிலில் இருந்தது.

பதினெட்டாம் நாள் தோல் ஒட்டு ஆபரேஷன். தொடையில் இருந்து வெங்காயச் சருகு கனத்துக்குத் தோலைச் சீவி எடுத்துக் கையில் ஒட்டுவார்கள். வெந்த இடத்தைவிடத் தோல் எடுத்த இடம் அதிகமாக வலிக்கும். இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்லி வைக்கிறேன். மயக்கம் தெளியும்போது குளிர் தூக்கிப்போடும். பயப்பட வேண்டாம், அது போய்விடும்.

தோல் பிடித்த பிறகு பயிற்சி. தீப்புண் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும். புறங்கைத் தோல் சுருங்கிவிட்டால் விரல் மடங்காது, விறைத்து நின்றுவிடும். முதல் சில வாரங்களில் வலிக்க வலிக்க மடக்கிப் பழக்க வேண்டும். தவறவிட்டால் பிறகு கத்திதான். எக்சசைஸ் மேடம் என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். எங்கள் இரண்டு கட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை ஸ்பாஞ்ச் பந்து கொடுத்தார். "வேற இல்லம்மா. மாத்தி மாத்தி வச்சுக்கோங்க. ஆளுக்கு நூறு தடவை அமுக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் மாரி முப்பது அமுக்கினாள். நான் இருபத்தெட்டு. நான்காம் நாள் போர்மேன் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழத்தை இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்து வைத்துவிட்டு, "யாரு முதல்ல கை தேறி வாறீகளோ அவுகதான் கங்காணி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பந்து என் முறை. மறுநாள் காலையில் மேடம் கேட்டபோது, "கீழ விழுந்து எங்கிட்டோ உருண்டு போச்சு மேடம்" என்றேன். அது என் தலையணைக்கு அடியில் இருந்தது.

மேடம் மாரியைத் துணியைச் சுருட்டிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு நாள் பிடித்தாள். துணி புதுத் தோலை அறுத்தது. "வலிச்சா விட்டுரு தாயி" என்றான் கணேசன். விட்டுவிட்டாள். நான் போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு நூறு, இருநூறு என்று அமுக்கினேன். வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டும். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே அமுக்குவேன்.

வீட்டுக்கு வந்தபோது என் விரல்கள் பாதிக்கு மேல் மடங்கின. மாரியின் விரல்கள் மரக்குச்சி மாதிரி நின்றன. கம்பெனிக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் ரூமுக்குப் பூட்டு. கங்காணி வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். போர்மேன் என் கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையை வச்சு என்னம்மா பின்னுவ?" என்றார். விரல் மடங்கியது வாஸ்தவம்தான், ஆனால் கட்டைவிரல் மற்ற விரலோடு சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் தோல் இழுத்துக்கொண்டிருந்தது. நூல் நழுவியது. வெயில் பட்டால் தோல் வெடித்து நீர் வடிந்தது.

அப்புறம் மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து, வேலை செய்து சம்பாதிக்கும் தெம்பில் எவ்வளவு போய்விட்டது என்று பார்த்துச் சதவீதம் போடுவார்கள். அதை வைத்துத்தான் ஆயுசு முழுக்க மாசாமாசம் உதவித்தொகை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாள். வெளியே பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் மாரியைக் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மேஜையில் ஐந்து ஒரு ரூபாய்க் காசு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போடச் சொன்னார்கள். ஒன்றைக்கூட அவளால் எடுக்க முடியவில்லை.

அடுத்து நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தையும் எடுத்தேன். கட்டைவிரல் உதவாததால் காசை மேஜை விளிம்புக்கு இழுத்து, இரண்டு விரல் இடுக்கில் கவ்வி, கீழே விழாமல், அக்குள் வேர்க்க, ஐந்தையும் டப்பாவில் போட்டேன். மாரியால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்ற ஒரே நினைப்புதான். "அஞ்சையும் போட்டுட்டேன் சார்" என்று வேறு சொன்னேன். "வேற ஏதாவது சிரமம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். கம்பெனிக்கு இன்ஸ்பெக்டர் வரும்போது சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "ஒரு குறையும் இல்ல சார்" என்றேன்.

தபால் வந்தது. எனக்கு இருபது, அவளுக்கு ஐம்பது.

மாரிக்கு மாசம் பிறந்தால் நிம்மதி. எனக்குக் கம்பெனி வேலையும் இல்லை, வேறு வேலைக்கு இந்தக் கையும் ஆகாது, இருபதை வைத்து அடுப்பும் எரியாது. யூனியன் அண்ணாச்சி அப்பீல் போட்டுக் கொடுத்தார். மதுரையில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

அப்பீலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் விவரம் எழுதிய தாள், எக்ஸ்ரே, கையை விரித்தும் மடக்கியும் எடுத்த போட்டோ, இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி. எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். முக்கியமாக, வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வராதது அதுதான்.

அண்ணாச்சி சொன்னார்: "நடிக்கச் சொல்லல பாண்டியம்மா. நடிச்சா டாக்டருக்குத் தெரிஞ்சுபோகும். வீட்டுல எப்படி எடுப்பீகளோ அப்படி எடுங்க. விழுந்தா விழட்டும்."

வீட்டில் ஒத்திகை நடந்தது. சுப்பையா முக்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கிழவரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு டாக்டர் ஆனார். சாப்பாட்டுத் தட்டில் காசைப் போட்டார்.

"எடும்மா" என்றார் டாக்டர் குரலில். எடுத்தேன்.

"விடு பாண்டி, விழட்டும்."

"விழ மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?"

"நீதான இறுக்கிப் பிடிச்சிருக்க."

"நான் எங்க பிடிச்சேன்? அதுவாப் பிடிக்கி."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "எம்புட்டு வலிக்கி?" என்று கேட்டார். அப்போதுதான் நான் உதட்டைக் கடித்திருப்பது எனக்கே தெரிந்தது. "ரொம்ப" என்றேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து வெடித்த இடத்தில் தடவிவிட்டார்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான் மாரியை நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போர்டில் நடித்துவிட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுது காரியம் சாதிக்கிறவள்தானே! சுவருக்கு இந்தப் பக்கம் கல்லைப் போட்டு ஏறி நின்று பார்ப்பேன். குடத்தை இடது இடுப்பில்தான் வைத்தாள். துணியை இடது கையால்தான் கும்மினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிடித்துவிட்டேன். வலது கையில் விளக்குமாறு பிடித்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அண்ணாச்சியிடம் ஓடினேன். "அவ கை நல்லாத்தான் இருக்கு. ஐம்பது வாங்கிட்டு வலது கையால கூட்டுறா. அதை விசாரணையில சொல்லப் போறேன்."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்னா உங்களுக்கு என்ன ஏறப் போகுது? அவுகளுக்கு இறங்குனா உங்களுக்கு ஏறுமா? தராசா இது?" என்றார். "இன்னொன்னும் கேட்டுக்கோங்க. சரம் பின்ன எந்த விரல் வேணும்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். போர்மேன் வர மாட்டேன்னுட்டாரு. உங்க எதிர்ல உக்காந்து பார்த்தது ஒருத்திதான். போய் முத்துமாரியைக் கூப்பிடுங்க."

என் கதையைப் பார்த்தீர்களா! யாரைக் காட்டிக்கொடுக்கலாம் என்று போனேனோ அவள் காலிலேயே போய் விழச் சொல்கிறார். மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனேன்.

மாரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும்தான் தெரிந்தது. விளக்குமாற்றை அவள் பிடித்திருக்கவில்லை. பழைய சேலைக் கிழிசலால் மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். விரல்கள் ஐந்தும் கம்புக்கு மேலே சும்மா நீட்டிக்கொண்டு நின்றன.

"வாங்கக்கா. என்ன, நின்னுட்டீக? இதை அவுத்து விடுங்க, பல்லால அவுத்து அவுத்துப் பல்லு ஆடுது" என்று கையை நீட்டினாள்.

முடிச்சை என் இடது கையால் அவிழ்த்தேன். சாட்சிக்கு வர வேண்டும் என்று சொன்னேன். முறைத்துக்கொண்டேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இதுக்குப் போயி கேக்கணுமா? வராம இருப்பேனா? எந்தப் பஸ்ஸுக்குன்னு சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்திருக்கலாம், கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விசாரணை அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் எழுதுகிற அதிகாரி. டாக்டர் வயசானவர், அவசரப்படாதவர். என் கையைப் பிடித்துப் புறங்கையை, உள்ளங்கையை, விரல் இடுக்கைப் பார்த்தார். பிறகு அதே ஐந்து காசு. மாரி என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பது என் முதுகுக்குத் தெரிந்தது.

முதல் காசை எடுத்தேன். "வலிக்குது சார்" என்றேன். நாக்கு குழறியது. இரண்டாவதையும் எடுத்தேன். மூன்றாவதை விளிம்புக்கு இழுக்கவில்லை. வீட்டில் நூலை எடுப்பதுபோல் கட்டைவிரலால் எடுக்கப் பார்த்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு நான் கண்ணை மூடி முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். கண் திறந்து திரும்பிப் பார்த்தால் மாரியும் அதேபோல் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி எழுந்து வந்து காசைப் பொறுக்கி மேஜையில் வைத்தார்.

அப்புறம் மாரியிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். அவள் அந்த விறைத்த விரல்களை வைத்துக்கொண்டே காற்றில் பின்னிக் காட்டினாள். "இந்தக் கட்டைவிரலும் இந்த விரலும்தான் சார். மத்த மூணும் சும்மா. அவுகளுக்கு அந்த ரெண்டும்தான் சார் சேராம இருக்கு. எங்க செட்டுலேயே அவுக வேகம் ஒருத்திக்கும் கிடையாது. நானும் மூணு வருசம் முட்டி மோதிப் பார்த்தேன், ஒரு நாளாச்சும் முந்திரணும்னு. முடியல சார்."

டாக்டர் அவளைக் கூப்பிட்டு அவள் கையையும் வாங்கிப் பார்த்தார். "அதே தீ, அதே வார்டு. இவங்களுக்கு விரல் மடங்குது. உனக்கு ஏம்மா மடங்கல? பயிற்சி பண்ணலையா?" என்றார்.

மாரி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியும் என்று. "நான்தான் சார் வலிக்குதுன்னு சோம்பப்பட்டு விட்டுட்டேன். அவுக வலியைப் பொறுத்துக்கிட்டுச் செஞ்சாக" என்றாள்.

அண்ணாச்சி இதைப் படிக்கும்போது நான் மனசாட்சிக்குப் பயந்து உண்மையைச் சொன்னேன் என்று நினைப்பார். அப்படியெல்லாம் இல்லை. நர்ஸம்மா தலையைத் தடவியதும் அவளுக்கு, புருஷன் ஊட்டியதும் அவளுக்கு, ஐம்பதும் அவளுக்கு. இப்போது என்னைக் காப்பாற்றிய நல்லவள் என்ற பேரும் அவளுக்கா? அதையும் அவள் கொண்டுபோக நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பொறாமையில்தான் வாயைத் திறந்தேன்.

"அவ சொல்றது பொய் சார். பந்து ஒண்ணுதான் இருந்துச்சு. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லி அதை நான் ஒளிச்சு வச்சுக்கிட்டேன். அதுனாலதான் அவ கை இப்படி இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. இருபத்திரண்டு சதவீதம் வெந்து கிடந்தபோது வராத அழுகை. வாய்விட்டு, மாரி மாதிரியே கத்தி அழுதேன். என் அப்பீல் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இதுக்கும் இந்த விசாரணைக்கும் சம்பந்தமில்லம்மா" என்று சொல்லி, எழுதப் போன அதிகாரியைக் கையமர்த்தினார். டாக்டர் மட்டும் மாரியின் கையை விடவில்லை. புறங்கையில் இழுத்துப் பிடித்திருக்கும் தோலை வெட்டித் தளர்த்திவிட்டு, அங்கே புதுத் தோல் ஒட்டினால் விரல் ஓரளவு மடங்கும் என்றார். ஒரு சீட்டில் எழுதி, எந்த வார்டில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவள் கையில் கொடுத்தார்.

"சதவீதத்தைக் குறைச்சிர மாட்டாகளே சார்?" என்று கேட்டாள் மாரி.

"உனக்கு இறுதியாப் போட்டு முடிச்சாச்சும்மா. முதல்ல கையைப் பாரு" என்றார்.

என் அப்பீல், அவளுக்கு ஆபரேஷன்! அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு அதுவும் தோன்றத்தான் செய்தது.

மாட்டுத்தாவணியில் சாத்தூர் பஸ்ஸுக்கு நின்றோம். நான்தான் கேட்டேன், "உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும்க்கா. நீங்க பாத்ரூமுக்கு எந்திரிச்சப்ப தலையணை நகண்டுச்சு. பச்சையாத் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பீகளா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டேன்" என்றேன்.

"அதான் கேக்கல" என்றாள். பிறகு, "எனக்கும் கோவம் இல்லாம இல்லக்கா. உங்களுக்கு இருபதுன்னு தபால் வந்தன்னைக்கு நான் கதவைச் சாத்திட்டுச் சிரிச்சேன்" என்றாள். பஸ் வந்தது. இடம் பிடிக்க அவள்தான் ஓடினாள், இடது கையால் துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

ஆறு வாரம் கழித்து எனக்குத் தபால் வந்தது. முப்பத்தைந்து. சுப்பையா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு வாழைப்பழம் வாங்கிவந்தார். நார் எடுத்துத்தான் கொடுத்தார். இந்தத் தடவை அதைப் பார்த்துக்கொண்டே தின்றேன். முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இன்னும் பதினைந்து இருக்கிறது என்பதையும் மறக்கவில்லை.

மாரிக்குப் பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் நான் பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த பச்சைப் பந்து அடியில் கிடந்தது. ஒரு பக்கம் லேசாகப் பிய்ந்திருந்தது, அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இப்போது தினமும் சாயங்காலம் அவள் அமுக்குவாள், நான் எண்ணுவேன். கணேசன் பக்கத்தில் வந்து "வலிச்சா விட்டுரு" என்று ஆரம்பித்தால் நான் முறைக்கிற முறையில் தெருவுக்குப் போய்விடுவான். அவள் கத்துவாள், அழுவாள், என்னைத் திட்டுவாள். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

நேற்று எண்பத்து மூன்றில் அவள் பந்தைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை மடக்கினாள். சுண்டுவிரல் போய் உள்ளங்கையைத் தொட்டது. என் சுண்டுவிரல் இந்த நிமிஷம்வரை தொட்டதில்லை.

"தொட்டிருச்சுக்கா! பாருங்க, தொட்டிருச்சு!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பந்தை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"எண்பத்தி மூணுதான் ஆயிருக்கு. இன்னும் பதினேழு இருக்கு, அமுக்கு" என்றேன்.